கிறிஸ்துமஸ் விழாவும் சில பெற்றோரின் மறுப்பும்: தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வழக்கம்போல நம் பள்ளியில் கிறிஸ்துமஸ் விழா நடக்கவிருக்கிறது. அழைப்பிதழைப் பார்த்த சில பெற்றோர் என்னை வந்து பார்த்தார்கள், சிலர் எழுதியும் கொடுத்தார்கள். எல்லோருமே கிறிஸ்தவர்கள்தான். "கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை, அது ரோமாபுரியின் சூரியப் பண்டிகை, எங்கள் பிள்ளையை அதில் சேர்க்க வேண்டாம்" என்றார்கள். இந்தச் செய்தி பரவியதும் வேறு சில பெற்றோர் கோபமாக வந்தார்கள். "கிறிஸ்தவப் பள்ளியில் கிறிஸ்துமஸ் வேண்டாமென்றால் இங்கே ஏன் சேர்த்தார்கள்?" என்பது இவர்கள் கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி, அது வாய்க்கு வாய் மாறிப் போவதைவிட எல்லோருக்கும் ஒரே கடிதமாக எழுதிவிடலாம் என்று பட்டது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழா நடக்கும். கலந்துகொள்ள மனமில்லாத பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம். ஏன் வரவில்லை என்று எந்த ஆசிரியரும் அந்தப் பிள்ளையை நிற்கவைத்துக் கேட்கமாட்டார்.

சரி, அந்தச் சூரியப் பண்டிகை விஷயத்துக்கு வருகிறேன். வரலாறு பாடம் நடத்தியவன் என்பதால் இதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. இயேசு பிறந்த தேதி வேதாகமத்தில் இல்லை என்பது உண்மைதான். மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைச் சொல்கிறார்களே தவிர மாதத்தைச் சொல்லவில்லை. சுமார் 200-ஆம் ஆண்டில் எழுதிய அலெக்சாந்திரியாவின் கிளமென்ட், ஏப்ரல், மே மாதங்களில் வரும் தேதிகளைச் சிலர் சொல்வதாகக் குறிப்பிடுகிறார். டிசம்பர் 25 அவரிடம் இல்லை. ஆர்மேனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6-ஆம் தேதியைத்தான் கொண்டாடுகிறது. ஆகவே, தேதிக்கு வேத ஆதாரம் கேட்பவர்களிடம் காட்ட நம் கையில் எதுவும் இல்லை.

ஆனால் "சூரியனின் பிறந்தநாளைத் திருடி கிறிஸ்துவின் பிறந்தநாள் ஆக்கினார்கள்" என்பது பலர் நினைக்கிற அளவுக்கு உறுதியான சங்கதி அல்ல. பேரரசர் ஆரேலியன் 274-இல் ரோமில் 'வெல்லப்படாத சூரியன்' என்ற தெய்வத்துக்குக் கோயில் எழுப்பினார். டிசம்பர் 25-இல் அந்தச் சூரியனுக்கு விழா நடந்தது என்று தெளிவாகச் சொல்லும் ஏடு எது என்று தேடினால் 354-ஆம் ஆண்டின் ரோமாபுரிப் பஞ்சாங்கம் ஒன்றில்தான் போய் நிற்கிறோம். வேடிக்கை என்னவென்றால், அதே பஞ்சாங்கத்தின் இன்னொரு பகுதியில், அதே தேதிக்கு நேராக, கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்றும் எழுதியிருக்கிறது. யார் யாரைப் பார்த்துத் தேதி வைத்தார்கள் என்பதை அதை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. இயேசு சிலுவையில் மரித்த நாளும் கருவில் உருவான நாளும் மார்ச் 25 என்று பழங்காலக் கிறிஸ்தவர்கள் சிலர் கணக்கிட்டார்கள். அதோடு ஒன்பது மாதத்தைக் கூட்டினால் டிசம்பர் 25 வருகிறது. இந்த வழியாகத்தான் தேதி வந்தது என்று சொல்லும் அறிஞர்களும் இருக்கிறார்கள். சனிப் பண்டிகையான சாட்டர்னாலியாவையும் பலர் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது டிசம்பர் 17-இல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும்.

மரம் பற்றியும் கேட்டிருந்தார்கள். எரேமியா 10-ஆம் அதிகாரத்தில், காட்டில் வெட்டிய மரத்தை வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிப்பதாக வருகிறதே, அது கிறிஸ்துமஸ் மரம்தானே என்று. அடுத்த வசனத்தையும் வாசித்துப் பாருங்கள். பேசமாட்டாது, நடக்கமாட்டாது, சுமக்கப்படவேண்டும் என்று வருகிறது. தச்சன் செதுக்கிய விக்கிரகத்தைத்தான் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். வீட்டுக்குள் மரம் வைத்து அலங்கரிக்கும் பழக்கமோ 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் பகுதிகளில் பரவியது. பாபிலோன் அரசன் நிம்ரோதையும் அவன் மனைவி செமிராமிஸையும் வழிபட்டதிலிருந்துதான் கிறிஸ்துமஸ் வந்தது என்ற கதையும் அப்படித்தான். அதைப் பரப்பியவர் 19-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப். பாபிலோன் மண்ணில் கிடைத்த களிமண் ஏடுகள் அவர் சொன்னதற்குத் துணை நிற்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, அவர்கள் சொன்னது தப்பு" என்று மறு தரப்பு மகிழ வேண்டாம். மறுப்பவர்களின் வலுவான வாதம் நிம்ரோதிலும் இல்லை, சூரியனிலும் இல்லை. 'தேவன் கட்டளையிடாத பண்டிகையை மனிதர் ஏற்படுத்தலாமா?' என்பதே அவர்களுடைய அடிப்படைக் கேள்வி. அதற்கு நீண்ட பரம்பரை உண்டு. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒழித்துச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று விதித்தார்கள், 1681 வரை அது நடைமுறையில் இருந்தது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானது 1958-இல்தான். இவர்களெல்லாம் கிறிஸ்துவை நேசிக்காதவர்கள் என்று யாராவது சொல்வார்களா? இன்று கிறிஸ்துமஸ் கொண்டாடாத யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவினர்கூட முன்பு கொண்டாடியவர்கள்தான். புரூக்ளினில் இருந்த அவர்களுடைய தலைமையகத்தில் கடைசியாகக் கிறிஸ்துமஸ் கொண்டாடியது 1926-இல்.

நம் மண்ணுக்கும் இந்தச் சண்டை புதிதல்ல. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, சந்தனம் பூசி, ஊர் வழக்கத்தோடு மதத்தைச் சொன்னபோது, இது அஞ்ஞானப் பழக்கம் என்று அவருடைய சபையினரே ரோம் வரை புகார் கொண்டுபோனார்கள். 1623-இல் போப்பாண்டவர் அவருக்குச் சாதகமாகச் சொன்னார். அதன் பிறகு வந்தவர்கள் மறுபடி கிளப்பி, 1744-இல் பல வழக்கங்களுக்குத் தடையே வந்துவிட்டது. தாலி சிலுவையோடு நிலைத்தது. இன்றைக்கும் தாலி வேண்டாம், மோதிரம் போதும் என்கிற சபைகளும் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியமா, இப்போது யாருக்காகச் செய்கிறோம் என்பது முக்கியமா? ஒரே தெருவில் இருக்கும் இரண்டு சபைகள் இதற்கு வேறு வேறு பதில் சொல்கின்றன. பவுல் ரோமருக்கு எழுதும்போது, ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான் என்று சொல்லி, "அவனவன் தன்தன் மனதில் முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்று விட்டுவிடுகிறார். பவுலே தீர்ப்புச் சொல்லாத இடத்தில் தலைமையாசிரியருக்கு என்ன வேலை?

ஆகவே அந்தப் பிள்ளைகளை விடுவிப்பதற்குக் காரணம் அவர்கள் பெற்றோர் சொல்லும் வரலாறு சரி என்பதோ தப்பு என்பதோ அல்ல. அரசியலமைப்பின் 28(3) பிரிவு தெளிவாக இருக்கிறது. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்க முடியாது. நிர்வாகம் எந்த மதத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும் இதுதான் விதி. இந்து, முஸ்லிம் பிள்ளைகளுக்கு இதை இத்தனை நாளும் கடைப்பிடிக்கிறோம். கிறிஸ்தவப் பிள்ளை என்பதாலேயே அந்த உரிமை இல்லாமல் போய்விடுமா? 1985-இல் கேரளத்தில், தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் பாடாமல் இருந்த யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைப் பள்ளி வெளியேற்றியது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. அந்த நம்பிக்கை நமது அறிவுக்கோ உணர்வுக்கோ ஒத்துவருகிறதா என்பது கேள்வி அல்ல, அதை அவர்கள் மனசாட்சிப்படி உண்மையாகக் கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். ஆசிரியர் கூட்டத்தில் இந்த வரியைத்தான் வாசித்துக் காட்டினேன்.

பிள்ளைகளுக்கு இதெல்லாம் நம்மைப்போலப் பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. போன வாரம் ஆறாம் வகுப்பில் கைவேலைப் பாடம். எல்லோரும் மூங்கில் குச்சியை வளைத்து, கலர் பேப்பர் ஒட்டி ஸ்டார் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும் அதே குச்சி, அதே பேப்பரில் காத்தாடி கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த பையன் தன் ஸ்டாரைப் பாதியில் வைத்துவிட்டு அவளுக்கு வால் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். டீச்சர் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டார். அதுதான் சரி.

இரு தரப்புக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மறுக்கும் வீட்டுப் பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒதுங்கியிருக்கலாம். ஆனால் பக்கத்துப் பிள்ளையிடம் "நீ பேய்ப் பண்டிகை கொண்டாடுகிறாய்" என்று சொல்லக் கூடாது. அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு பிள்ளை அழுதது. கொண்டாடும் வீட்டுப் பெற்றோரே, பிறந்தநாள் சாக்லேட்டை வாங்காத பிள்ளையைப் பார்த்து "ஏண்டா, திமிரா?" என்று உங்கள் பிள்ளைகள் கேட்பதும் நிற்க வேண்டும். சில குடும்பங்களில் பிறந்தநாளும் கொண்டாடுவதில்லை. வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியதாக வருகிறவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு விளக்கம் சொல்லும் கடமை இல்லை.

விழா நாள் ஏற்பாடு இதுதான். காலை இரண்டு பாடவேளை எல்லோருக்கும் வகுப்பு உண்டு, வருகைப் பதிவு அப்போதே முடிந்துவிடும். அதன் பிறகு விழாவுக்கு வராத பிள்ளைகள் நூலகத்தில் இருப்பார்கள். நூலகப் பொறுப்பாசிரியரோடு இன்னொரு ஆசிரியரும் கூட இருப்பார். தனியே உட்கார வைப்பது தண்டனைபோல ஆகிவிடக் கூடாது என்பதால் செஸ், கேரம் போர்டு இரண்டும் அங்கே இருக்கும். விழாவின் முதல் பகுதி ஜெபமும் வேதவாசிப்பும் கீர்த்தனையும். இரண்டாம் பகுதி நாடகம், கிறிஸ்துமஸ் தாத்தா, கேக். ஜெபத்துக்கு மட்டும் வேண்டாம், நாடகத்துக்கு வரலாம் என்று நினைக்கும் பெற்றோரும் இருப்பீர்கள். அதையும் இத்துடன் இணைத்துள்ள சம்மதச் சீட்டில் குறிப்பிடலாம். கேக்கில் முட்டை இருக்கும். முட்டை சேர்க்காத பிள்ளைகளுக்கு முறுக்கும் வாழைப்பழமும் உண்டு.

நாடகத்துக்கான உடைக்கு யாரும் காசு கட்ட வேண்டாம், பள்ளியே வாடகைக்கு எடுக்கிறது. அந்தச் சீட்டை நிரப்பி, பெற்றோர் இருவரில் ஒருவர் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். காரணம் எழுத அதில் இடம் விடவில்லை, எழுதவும் வேண்டாம். சீட்டு வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் சனிக்கிழமை வகுப்பாசிரியரே போன் செய்து கேட்பார். விழா நாளன்று பள்ளி பிற்பகல் ஒரு மணிக்கு முடியும், வேன் வைத்திருப்பவர்கள் ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்