வெறும் வயிற்றில் வர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்

மாவட்டந்தோறும் பொறுப்பில் இருக்கும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும், வட்ட மருத்துவமனைகளின் தலைமை மருத்துவ அலுவலர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஐப்பசியில் என் மாமியாரை எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண். முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டார்கள். வழியில் மயங்கிவிடுவாரோ என்ற பயத்தில் பஸ் நிலையத்தில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்திருந்தேன். "நாளைக்கு வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்தச் சன்னல் பக்கம் நின்ற அரைமணி நேரத்தில் எங்களைப் போலவே ஆறு பேர் திரும்பினார்கள். அதில் ஒருவர் நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தவர். மறுநாளும் அவருக்குக் கூலி கிடையாது.

மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். பதினொரு நாள் வார்டில் உடனிருந்தேன். சிகிச்சையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. புண் ஆறியது, கால் தப்பியது. மருந்து, ஊசி, கட்டு எதற்கும் ஒரு ரூபாய் கேட்கவில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி ஊர் ஊராக அனுப்புவதால்தான் எங்களைப் போன்றவர்கள் பிழைக்கிறோம் என்பதை நன்றியோடு சொல்கிறேன். இவ்வளவும் செய்கிற இடத்தில், எங்கே போக வேண்டும், எதைக் கையில் கொண்டுவர வேண்டும், எப்போது வர வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவர் சொல்வது பாதி சரி, பாதி வதந்தி.

ஓ.பி. சீட்டின் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது? அதில் நான்கு வரி அச்சிடுங்கள். சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வர வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுப்பார்கள், அதனால் சாப்பாட்டைக் கையில் கொண்டுவாருங்கள், பழைய சீட்டையும் மாத்திரை உறைகளையும் எடுத்து வாருங்கள். இவ்வளவு போதும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பவரே வாயால் சொல்லிவிடலாம்.

மருந்தகத்திலும் இதே கதைதான். காகித உறையில் பேனாவால் போடும் கோடுகள் வார்டில் பாதிப் பேருக்குப் புரிவதில்லை. என் மாமியார் இரவு மாத்திரையைக் காலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். உதயசூரியன், உச்சிவெயில், நிலா என்று மூன்று படம் அச்சிட்ட உறை இருந்தால் எழுத்தே வேண்டாம். இன்சுலின் கொடுத்து அனுப்பும்போது வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லாதவர்கள், ஈரமணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து அதில் மருந்தைப் பத்திரப்படுத்தலாம் என்பதை எனக்கு ஒரு செவிலியர் சகோதரிதான் சொன்னார். வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் அதைச் சொல்லி அனுப்ப வேண்டாமா? சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க மட்டுமே பஸ் ஏறி வரும் முதியவர்கள் எத்தனை பேர்! 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அந்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பெயரை எங்கே பதிவது என்று மருந்தகச் சன்னலிலேயே எழுதி வையுங்கள்.

அவசரப் பிரிவில் ஒருநாள் இரவு நடந்த சண்டையைப் பார்த்தேன். கை முறிந்த பையனுடன் முதலில் வந்தவர்கள் காத்திருக்க, பின்னால் வந்த ஒருவரை உள்ளே கொண்டுபோனார்கள். "காசு கொடுத்துப் போகிறான்" என்று கூச்சல். உண்மையில் அவருக்கு மாரடைப்பு. உயிருக்கு ஆபத்தென்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை என்று பிரித்துத்தான் பார்க்கிறீர்கள். அது நியாயமான முறை. அதை வெளியே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் எழுதி வைத்தால், அடிவாங்கும் இளம் டாக்டர்களுக்கும் பாதுகாப்பு. அந்தப் பலகையிலேயே இன்னும் இரண்டு செய்தி சேருங்கள். சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசம். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. போலீசுக்குப் பயந்து வாசலில் இறக்கிவிட்டு ஓடுகிறார்கள் இன்னும்.

நாய்க்கடி ஊசிக்கு வருபவர்கள் நாள் கணக்கில் குழம்புகிறார்கள். முதல் ஊசி போட்ட நாள் பூஜ்யம், அதிலிருந்து 3, 7, 28 என்ற கணக்கு எத்தனை பேருக்கு விளங்கும்? நாளை எண்ணச் சொல்லாமல் தேதியையும் கிழமையையும் எழுதிக் கொடுங்கள். கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ அப்பக் கூடாது என்பதையும் ஊர்ச் சாவடி வரைக்கும் கொண்டுபோக வேண்டும்.

பிரசவ வார்டைப் பற்றி ஒன்று. குழந்தையின் பிறப்பு 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண் இல்லாமல் வரும் பெண்கள் சான்றிதழுக்கு அலைகிறார்கள். தாய் தந்தை பெயரை வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொள்வதால் எழுத்துப் பிழை விழுகிறது, பிறகு அதைத் திருத்த மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது. எழுதியதை அவர்களிடம் ஒருமுறை காட்டிவிட்டால் தீர்ந்தது. குழந்தைக்குப் பெயர் முடிவாகவில்லை என்று பதறவும் வேண்டியதில்லை, ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம் என்று சொன்னாலே பாட்டிகள் நிம்மதியாக இருப்பார்கள்.

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை ஏன் கேட்கிறீர்கள் என்றும் விளக்குங்கள். "தர்மாஸ்பத்திரியில் எதற்கு அட்டை? பணம் பிடிப்பார்களோ?" என்று என் மாமியார் மிரண்டுபோனார். நோயாளியிடம் ஒன்றும் பிடிப்பதில்லை, காப்பீட்டுத் திட்டத்திலிருந்து மருத்துவமனைக்குத்தான் பணம் வருகிறது என்று ஒரு ஊழியர் சொன்ன பிறகே அட்டையை எடுத்துக் கொடுத்தார். அட்டையே இல்லாதவர்களுக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போக வேண்டும் என்பது அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்தான் தெரிய வருகிறது. அன்றைக்கு யார் ஓடுவது?

இனி, பார்க்க வருபவர்கள். இதில் எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. ஒரு நோயாளிக்குப் பத்துப் பேர் வேன் பிடித்து வருகிறோம், கைக்குழந்தையைத் தூக்கி வருகிறோம், கட்டிலில் உட்காருகிறோம். சர்க்கரைக்காகச் சேர்த்திருக்கும் என் மாமியாருக்கு மூன்று ஹார்லிக்ஸ் புட்டி வந்து சேர்ந்தது. ஆனால் "ஒருவர் மட்டும்" என்ற பலகையோடு நிறுத்தாமல் காரணத்தையும் எழுதுங்கள். ஆறாத புண்ணுக்குக் கூட்டம் கிருமி கொண்டுவரும், சின்னக் குழந்தை இங்கிருந்து நோயை வாங்கிக்கொண்டு போகும் என்று தெரிந்தால் கேட்டுக்கொள்ளாத சனம் இல்லை. காரணம் சொல்லாமல் விரட்டும்போதுதான் மீறத் தோன்றுகிறது.

விரட்டுவது என்றேன். எழுபது வயதுப் பெண்ணை வாசல் காவலாளி "ஏய், நீ எங்கே போகிறாய்" என்று ஒருமையில் அழைத்ததை என்னால் மறக்க முடியவில்லை. குறைந்த சம்பளத்துக்கு இரவெல்லாம் நிற்கும் வேலை அவருடையது, தெரியும். ஆனாலும் அம்மா, ஐயா என்று அழைக்கச் சொல்லிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. சக்கர நாற்காலி தள்ளவும், பிறந்த குழந்தையைக் கையில் தரவும் காசு கேட்கிறார்கள் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். 'யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம், கேட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்' என்று ஒவ்வொரு வார்டிலும் கட்டிலில் படுத்தபடி படிக்கும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

துணைக்கு இருப்பவர் எங்கே குளிப்பது, குழந்தைப் பாலுக்கு வெந்நீர் எங்கே கிடைக்கும், இரவில் எங்கே தலை சாய்ப்பது என்பதும் தகவல்தான். நான் மூன்றாம் நாள்தான் குளியலறையைக் கண்டுபிடித்தேன்.

ஏழாம் நாள் எதிர்க்கட்டில் பெரியவர் இறந்துபோனார். உடலைக் கொண்டுபோக வாசலில் நின்ற தனியார் வண்டிக்காரர் நாலாயிரம் கேட்டார். மகன் மனைவியின் கம்மலைக் கழற்றினான். 155377 என்ற எண்ணை அழைத்தால் அரசின் இலவச அமரர் ஊர்தி வரும் என்பது அங்கிருந்த எங்களில் ஒருவருக்கும் அன்று தெரியாது. எனக்கு ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

இதற்கெல்லாம் புதிய கட்டடமோ சட்டமோ தேவையில்லை. நோயாளர் நலச் சங்க நிதியில் பலகை எழுதிவிடலாம். 'ரேடியாலஜி', 'கேஷுவாலிட்டி' என்று எழுதியிருப்பதை எக்ஸ்ரே அறை, அவசரப் பிரிவு என்று மாற்ற ஒரு டப்பா பெயிண்ட் போதும். எழுத ஆள் இல்லையென்றால் ஊரில் எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் கையெழுத்து நன்றாக இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், நாங்கள் வந்து எழுதித் தருகிறோம்.

மாமியாருக்கு அடுத்த பரிசோதனை தை மாதம் இரண்டாம் வாரத்தில். இந்த முறை சாப்பிடாமல்தான் அழைத்து வருவேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவரும் சாப்பிடாமல் வந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உள்நோயாளி ஒருவருக்குப் பதினொரு நாள் துணையிருந்த மருமகள்