மலையில் குறைந்தது யார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹுல்–ஸ்பிட்டி மாவட்டத்தில் 2001 கணக்குப்படி 33,224 பேர். 2011இல் 31,564 பேர். மலை காலியாகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களையும் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆண், பெண் என்று பிரித்துப் பாருங்கள். பெண்கள் 14,783இலிருந்து 14,976 ஆகக் கூடியிருக்கிறார்கள். ஆண்கள் 18,441இலிருந்து 16,588 ஆகக் குறைந்திருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாகப் போயிருந்தால் பெண்களும் அல்லவா குறைந்திருப்பார்கள்? சாலை வேலைக்கு வந்துபோகும் வெளியூர் ஆண்கள்தான் குறைந்தார்கள் என்று கருதவே இடமிருக்கிறது.

பனி மூடும் பகுதிகளுக்குக் கணக்கு நாள் அக்டோபர் 1. லாஹுலையும் ஸ்பிட்டியையும் இணைக்கும் குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். பனி விழுந்தபின் ஆள் போக முடியாது என்பதால் அந்த நாள் சரிதான். ஆனால் சாலைத் தொழிலாளர் தங்கும் கூடாரங்கள் அப்போது கலைந்திருக்காது. நூறு ஆண், நூறு பெண் உள்ள ஊரில் நாற்பது தொழிலாளர் சேர்ந்தால் ஆயிரம் ஆண்களுக்கு 714 பெண்கள் என்றாகிவிடும். லடாக்கின் லே மாவட்டத்தில் 2011இல் அந்த விகிதம் 690. படைவீரரும் வெளியூர்த் தொழிலாளரும் சேர்ந்த எண் அது. கிராம வாரியாக வெளியாகும் அட்டவணையில் மொத்தம், 0–6 வயதுக் குழந்தைகள், எழுத்தறிவு, வேலை எல்லாம் உண்டு. வந்தவர் யார், ஊரார் யார் என்று பிரிக்க ஒரு பத்தி இல்லை. 'இங்கே ஓராண்டுக்கும் குறைவாக இருப்பவர்' என்று ஒன்றே ஒன்றைச் சேர்த்தால் போதும்.

அடுத்தது இரட்டைக் கணக்கு. இம்முறை பனி மூடும் பகுதிகளுக்கு 2026 அக்டோபர் 1, மற்ற இடங்களுக்கு 2027 மார்ச் 1. வீடு வீடாக எண்ணுவது அந்தந்த நாளுக்கு முந்தைய வாரங்களில். இடையில் ஐந்து மாதம். லாஹுல்காரர் பலருக்கு அண்டை மாவட்டமான குல்லுவிலும் வீடு உண்டு. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்தபின் பனிக்காலத்திலும் போய்வர வழி இருக்கிறது. செப்டம்பரில் லாஹுலின் கேலாங்கில் எண்ணப்பட்டவர் பிப்ரவரியில் குல்லு வீட்டுக் கதவைத் திறப்பார். சாலைத் தொழிலாளியும் அப்படித்தான், தன் சொந்த ஊரில். ஆகவே பிப்ரவரியில் வரும் கணக்கெடுப்பாளர் கைப்பேசிச் செயலியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "போன செப்டம்பரில் பனிப்பகுதியில் உங்களை எண்ணினார்களா?" ஆம் என்றால், எந்த மாவட்டம் என்பதையும் பதிய வேண்டும். "எங்கேயாவது ஏற்கெனவே கணக்கெடுத்தார்களா?" என்று பொதுவாகக் கேட்டால் பயனில்லை. ஐந்து மாதத்துக்கு முன் எண்ண வந்துபோனவரை ரேஷன் கார்டு விசாரிக்க வந்தவர் என்று நினைத்திருப்பவர்கள் உண்டு.

ஸ்பிட்டியின் கிப்பர் போன்ற ஊர்களில் வேறொரு சிக்கல். அங்கே மரபுப்படி மூத்த மகன் நிலத்தோடு பெரிய வீட்டை ஏற்பான்; அதற்குக் கங்ச்சென் என்று பெயர். பெற்றோர் கங்ச்சுங் என்ற சின்ன வீட்டுக்கு மாறுவார்கள். இளைய மகன்கள் பௌத்த மடத்துக்குப் போவது வழக்கம். நிலம் ஒன்று, அடுப்பு இரண்டு. உங்கள் வரையறைப்படி ஒரே சமையலறையில் உண்பவர்களே ஒரு குடும்பம். ஆகவே இரண்டு குடும்பம் என்றுதான் எழுத வேண்டும். நிலப் பதிவேட்டைப் பார்த்து ஒன்று என்று எழுதினால், தனியே வாழும் முதியவர்கள் கணக்கிலிருந்து மறைவார்கள். மடத்தில் தங்கியிருப்பவரை வீட்டிலும் எழுதினால் அது இன்னொரு இரட்டைப் பதிவு. பயிற்சிக் கையேட்டில் இந்த இரண்டு சொற்களும், ஒரு வீட்டின் படமும் இருக்கட்டும். வெளியூர் ஆசிரியர்களும் இந்தப் பணிக்கு வருவார்கள், "அடுப்பு எத்தனை?" என்று கேட்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
மலைவாழ் மக்கள்தொகைத் தரவுகளைக் கையாள்பவர்கள்