மீன் பெட்டியாகும் படகு அறைகள்: நுரை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபைபர் படகுகளில் சாமான் வைக்கும் அறைகளை ஐஸ் தாங்கும் மீன் பெட்டிகளாக மாற்றுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சுவருக்குள் வெப்பத்தைத் தடுக்கும் நுரையை ஊற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் படகில் நானும் அப்படித்தான் எண்ணினேன். முதல் ஆண்டில் விடியும்வரை நின்ற ஐஸ், மூன்றாம் ஆண்டில் நள்ளிரவிலேயே தண்ணீராகிக் கிடந்தது. உட்சுவரை அறுத்துப் பார்த்தபோது நுரை கறுத்து ஊறிப்போயிருந்தது. பிழிந்தால் மீன் வாடையோடு நீர் சொட்டியது. நுரையின் நுண்ணறைகளில் அடைபட்டிருக்கும் வாயுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும் தண்ணீரோ நல்ல பாலியூரித்தேன் நுரையைப் போல 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. வடிகால் குழாய்க்காகத் துளையிட்ட இடத்தில், அறுபட்ட விளிம்புக்கு ரெசின் எனும் பிசினைப் பூசாமல் விட்டதே நீர் புக வழியாயிற்று. தெர்மாகோல் பலகை வைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அதைக் கரைத்துக் குழியாக்கிவிடும் என்பதால், அதன்மேல் எபாக்சி ரெசினைத்தான் பூச வேண்டும்.

நுரையின் தடிமனைக் குறைக்கத் தூண்டுவது இடநெருக்கடிதான். 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம் உள்ள அறை 300 லிட்டர் கொள்ளும். மூடி உட்பட எல்லாப் பக்கமும் 7.5 செ.மீ. நுரை வைத்தால் மிஞ்சுவது சுமார் 134 லிட்டரே. பாதிக்கு மேல் போகிறதே என்று மனம் கேட்காதுதான். ஆனால் 30 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவரவே கிட்டத்தட்ட 300 கிராம் ஐஸ் கரைந்துவிடும். மெல்லிய சுவர் வழியே வரும் வெப்பத்துக்கும் சேர்த்து ஐஸ் ஏற்றினால், மிச்சப்படுத்திய இடத்தை அந்த ஐஸே அடைத்துக்கொள்கிறது.

பலரும் சுவரைக் கவனித்து மூடியை மறந்துவிடுகிறார்கள். நேர் வெயில் விழுவது மூடியின் மேல்தான். அதிகாலையில் மூடியைத் தடவிப் பார்த்து, மற்றத் தளம் காய்ந்திருக்க அது மட்டும் வியர்த்திருந்தால், குளிர் அந்த வழியாகப் போகிறது என்று கொள்ளலாம். மூடிக்குள்ளும் அதே தடிமனில் நுரையும், விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டையும் வேண்டும். கரைந்த நீர் படகின் அடியில் தேங்காமல் வெளியேற அடைப்பான் வைத்த வடிகாலும் தேவை.

எல்லா அறைகளும் இதற்கு உரியவை அல்ல என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது எனக்கு ஏமாற்றமே. படகின் முன்பகுதியான அணியத்திலும் பின்பகுதியிலும் காற்றுப் புகாமல் அடைத்திருக்கும் அறைகள், படகில் நீர் நிறைந்தாலும் அது மூழ்காதிருக்க வைக்கப்பட்டவை. வெறுமனே கிடக்கும் இடம் என்று அவற்றை வெட்டித் திறந்து ஐஸும் மீனும் நிரப்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதுபற்றி மீண்டும் எழுதும்போது இந்த எச்சரிக்கையைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர்