ஊட்டிக் கிழங்கு ஏன் ரெண்டு விதமா இருக்கு?

வணக்கமுங்க. கொஞ்ச நாளா கடைக்கு வர்றவங்க நிறைய பேரு ஊட்டி உருளைக்கிழங்கைக் கையில எடுத்துப் பாத்துட்டு "என்னங்க, ஒரு மூட்டைக்கும் இன்னொரு மூட்டைக்கும் தோலே வேற மாதிரி இருக்கு, கலப்படமா"ன்னு கேக்குறீங்க. கலப்படம் இல்லீங்க, ரகம் வேற: ஒண்ணு பழைய ரகம், இன்னொண்ணு வேர்ப்புழுவைத் தாங்குற புது ரகம்.

நாங்க மேட்டுப்பாளையம் மண்டி ஏலத்துல 45 கிலோ மூட்டையாத்தான் எடுக்குறோம். மலையில காலங்காலமா ஓடுறது குஃப்ரி ஜோதி, 1968ல வந்த ரகம். வந்த புதுசுல கருகல் நோயைத் தாங்குச்சு, இப்ப தாங்குறதில்ல, கார்போகத்துல மழையும் மூடுபனியும் சேந்தா மருந்தடிச்சே காசு கரைஞ்சுடும். அதோட வேரைத் தாக்குற நூற்புழு வேற, 1961லயே நீலகிரியில கண்டுபிடிச்சது, செடியைப் புடுங்கிப் பாத்தா வேர்ல ஊசித்தலை அளவுக்கு மஞ்சமஞ்சளா புழுக்கூடு ஒட்டியிருக்கும், உள்ள பூரா முட்டை, அது மண்ணுல வருசக்கணக்கா அப்படியே கிடக்கும். இந்தப் புழுவால நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலத்துக்குப் போகவே தடை போட்டாங்க.

புழுவைத் தாங்குற ரகம் இல்லாம இல்ல, குஃப்ரி ஸ்வர்ணா 1985லயே வந்தாச்சு, அதுக்கப்புறம் சஹ்யாத்ரி. அப்புறம் ஏன் எல்லாரும் மாறலன்னா, ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் விதைக்கிழங்கு வேணுமுங்க! நெல்லு மாதிரி ஒரு மூட்டையில முடியுற வேலையில்ல. சொந்தமா எடுத்து வெச்ச விதைன்னா கைக்காசு போகாது, புது ரகம்னா மொத்தமா காசு குடுக்கணும், அதுவும் கேட்ட நேரத்துக்குக் கேட்ட அளவு கிடைக்கணும். ஆபீசர் வந்து மீட்டிங் போட்டா தலையாட்டுவாங்க, ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாலு பாத்தி போட்டு தோண்டுறப்ப நேர்ல பாத்தாத்தான் நம்பிக்கை வரும், சின்னக் காடு வெச்சிருக்கறவங்க அதைத் தப்புன்னு சொல்ல முடியாது, ஒரு போகம் போச்சுன்னா கடன்தான்.

இதெல்லாம் தாண்டி விளைவிச்சாலும் மண்டியில என்ன ரேட்டு போகும்ங்கற பயம் இருக்கு. பாத்துப் பழகாத கிழங்குன்னு வியாபாரி ஏலத்தைக் குறைச்சுட்டா அடுத்த போகம் விவசாயி பழசுக்கே போயிடுவாரு. வியாபாரி ஏன் குறைக்கிறாருன்னா, நீங்களும் நாங்களும் வெள்ளையா, கண்ணு ஆழமில்லாததாப் பொறுக்கி எடுக்குறோம்ல, அதான்.

அதனால இனிமே ரெண்டையும் தனித்தனி மூட்டையா, ரகத்தோட பேரு எழுதி வைக்கிறோம், ரேட்டு ஒண்ணுதான். முதல்ல புது ரகத்துல அரைக்கிலோ வாங்கிப் பொரியல் பண்ணிப் பாருங்க, புடிக்கலன்னா கூச்சப்படாம சொல்லுங்க, ஜோதியே எடுத்து வைக்கிறோம்.