அரசமரத்தடிப் பாதை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் வணக்கம்.

அரசமரத்து மேடையைச் சுற்றிய பிரதட்சிணப் பாதையும், வாசலையொட்டிய தெரு நடைபாதையும் சீராகி, சென்ற பௌர்ணமி முதல் நடக்கத் திறந்துவிட்டோம். பிரதோஷத்தன்று, மேலெழும்பியிருந்த பழைய பாதைக் கல்லில் இடறி விழுந்த அம்மையார்தான் முதலில் சுற்றி வந்தார், கைத்தடி இல்லாமல்.

பாதையைத் தூக்கியது வேர். வேரை மேலே வரவழைத்தது நாம். சேறு மிதிக்க வேண்டாமென்று அடிமரம் வரை சிமெண்ட் கலவை கொட்டிக் கல் பதித்தது இதே குழுதான். மண்ணுக்குள் மழைநீரும் காற்றும் இறங்க வழியில்லாமல் போயிற்று. கல்லின் அடியில் மட்டும் ஈரம் தங்கியது. அதைத் தேடி வந்த வேர், கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓடிப் பருத்தது. கொத்தனார் கடப்பாரையால் முதல் பலகைக் கல்லை நெம்பிப் புரட்டியபோது, தொடைப் பருமனில் ஒரு வேர் மேற்புறம் தட்டையாகிக் கிடந்தது. இரண்டு சல்லிக் கற்களை அது விழுங்கியே இருந்தது.

வெட்டிவிடலாம் என்பதே கூட்டத்தில் பெரும்பான்மைக் கருத்து. ஆனால் மரத்தைத் தாங்கி நிறுத்துபவை அடிமரத்தையொட்டிய இந்தப் பருத்த வேர்கள்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் நம் தெருவில் சாய்ந்த கொன்றை, வடிகால் தோண்டியபோது ஒரு பக்க வேர் அறுபட்டிருந்த மரம் என்று ஒருவர் நினைவூட்டினார். அதற்குப் பிறகு யாரும் கோடரியைப் பற்றிப் பேசவில்லை.

மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்கு உத்தரவிட்டது. நாமும் குறைந்தது அந்த அளவுக்கு மண்ணைத் திறந்துவிட்டு, பாதையை வெளிப்பக்கம் வளைத்தோம். பழைய கற்களையே மணல் படுக்கையில் இட்டிருக்கிறோம். இடுக்கில் சிமெண்ட் பூசவில்லை; நாளை வேர் மீண்டும் தூக்கினால் இரண்டு ஆட்கள் கல்லைப் பெயர்த்து மறுபடி இட்டுவிடலாம். விரல் பருமனுள்ள வேர்களை மட்டும் ரம்பத்தால் அறுத்தோம். தெருவில், உரிய அனுமதி பெற்று, வேர் புடைத்த இடத்தில் படியை நீக்கிச் சரிவாக்கினோம். அரசமரம் வளர்வதை நிறுத்தாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த வேலை வரும்.

வரவு செலவுக் கணக்கு அலுவலறைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. பழைய தளத்தில் பெயர் பொறித்திருந்த உபயதாரரின் கல் உடையாமல் வந்தது. அவர் விருப்பப்படி கிணற்றடியில் பதித்திருக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு