ஒரே லாட் நம்பர்ல ரெண்டு வித நூல், 620 கிலோ துணி நின்னு போச்சு

மார்க்கெட்டிங் மேனேஜர் சாருக்கு, வணக்கம்ங்க.

திருப்பூர்ல இருந்து எழுதறேன், உங்க மில்லுல ஆறு வருஷமா 30ஆம் நம்பர் கோம்ப்டு ஹொசைரி நூல் (சீவி சுத்தம் பண்ண பஞ்சுல நூத்த பனியன் நூல்) வாங்கறவங்க நாங்க. போன்ல மூணு தடவை சொல்லியாச்சு, உங்க ரெப் (விற்பனை ஆள்) வந்து போட்டோ எடுத்துட்டு போயி ரெண்டு வாரமும் ஆச்சு, பதிலே இல்ல, அதான் எழுத்துலயே தர்றேன்.

மொத்தம் 24 பை ஆர்டர், 1200 கிலோ. முதல்ல 14 பை வந்துச்சு, மீதி 10 பை நாலு நாள்ல வரும்னீங்க, அதுக்குள்ள ஒண்ணாந்தேதி வந்துருச்சு, புது ரேட்டுதான், கிலோவுக்கு 8 ரூபா சேர்த்து குடுத்தாதான் லோடு ஏத்துவோம்னு சொல்லிட்டீங்க. பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) பழைய ரேட்டுல போட்டது, ஆனா ஷிப்மென்ட் தேதி கழுத்துல இருந்ததால சரின்னு ஆர்டிஜிஎஸ்ல பணம் அனுப்பினோம். 2021 நவம்பர்ல ஒரே நாள்ல கிலோவுக்கு 50 ரூபா ஏறினப்பவே நாங்க உங்களை விட்டு போகல, விலை ஏறி இறங்கறது எங்களுக்கு புதுசில்ல. இப்ப பிரச்சனை விலை இல்லீங்க.

ரெண்டாவது லோடுலயும் ஸ்டிக்கர்ல அதே லாட் நம்பர், அதாவது ஒரே பஞ்சு கலவையில ஓட்டின நூல்னு அர்த்தம். அத நம்பித்தான் நிட்டிங் மெஷின்ல கோன் (நூல் சுத்தின உருளை) தீரத் தீர புது பையில இருந்து எடுத்து மாட்டினாங்க, மெஷினுக்கு நூல் ஊட்டற 90 ஃபீடர்லயும் பழசும் புதுசும் கலந்து ஓடிருச்சு. கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி, பார்க்கறப்ப ஒண்ணும் தெரியல, சுத்தமா இருந்துச்சு. ஆலிவ் கிரீன் டையிங் முடிச்சு காம்பேக்டிங் (துணிய சுருக்கி செட் பண்றது) ஆகி டேபிள்ல விரிச்சா, குறுக்கால வரி வரியா ஒண்ணு வெளிறி ஒண்ணு அழுத்தமா ஓடுது. டையிங்காரர் மேலதான் தப்புன்னு அவர்கிட்ட போயி சத்தம் போட்டேன், அவர் ஒண்ணும் பேசாம துணி ஓரத்துல இருந்து ஒவ்வொரு நூலா பிரிச்சு வெள்ள பேப்பர்ல வரிசையா ஒட்டி காட்டினார், நூலே ரெண்டு விதமா சாயம் குடிச்சிருக்கு. அப்புறம் அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன்.

ரெண்டாவது லோடுல மிச்சமிருந்த 3 பையையும் முதல் லோடுல ஒதுங்கின கோனையும் யூவி லைட்டுல வெச்சு பார்த்தோம். ஒண்ணு நீலமா அடிக்குது, ஒண்ணு மஞ்சளா அடிக்குது, கண்ணால பார்த்தா ரெண்டும் ஒரே வெள்ளை. பஞ்சு மிக்ஸிங்க நடுவுல மாத்தியிருக்கீங்க, மைக்ரோனேர் (பஞ்சு இழையோட பருமன் அளவு), பஞ்சோட முதிர்ச்சி இதெல்லாம் மாறினா சாயம் ஒரே மாதிரி ஏறாதுன்னு எங்களைவிட உங்களுக்கு நல்லா தெரியும். பஞ்சு விலை, வரத்து எல்லாத்துக்கும் நீங்க மிக்ஸிங் மாத்தித்தான் ஆகணும், அது புரியுது, ஆனா லாட் நம்பரையும் மாத்துங்க, ஒரு போன் பண்ணி சொல்லுங்க. நாங்க ரெண்டு லோடையும் தனித்தனியா நிட் பண்ணி தனித்தனி கலருக்கு அனுப்பியிருப்போம், ஒரு மீட்டர் கூட வீணாயிருக்காது.

இப்ப உங்க ஆபீஸ்ல, நிட் பண்ண பிறகு புகார் ஏத்துக்க மாட்டோம்னு பில்லுல போட்டிருக்குன்னு சொல்றாங்க. டையிங் ஆனாதான் தெரியற குறையை நிட்டிங்குக்கு முன்னாடி நான் எப்படிங்க கண்டுபிடிக்கறது? அந்த ரூல் கோன் டேமேஜ், எடை குறைவு மாதிரி விஷயத்துக்கு சரி, இதுக்கு பொருந்தாது.

நின்னு போன 620 கிலோ துணிக்கு நூல், நிட்டிங் கூலி, டையிங் கூலி சேர்த்து 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு டெபிட் நோட் (உங்க கணக்குல கழிக்கற சீட்டு) இதோட இருக்கு, அந்த 10 பைக்கு கிலோவுக்கு கூட வாங்கின 8 ரூபாயையும் திருப்பணும். பையர் ஒரு வாரம் டைம் குடுத்திருக்கார், அதுக்குள்ள ஒரே லாட்டுல மாத்து நூல் வரணும், லேட்டானா ஏர்ல அனுப்ப வேண்டி வரும், அந்த செலவ எங்க யூனிட் தாங்காது, 40 பேர் வேலை செய்யற இடம்ங்க இது.

ஆறு வருஷமா 30ஆம் நம்பர் முழுசும் உங்ககிட்ட மட்டுமே வாங்கினது நம்பிக்கையிலதான். இந்த மாசத்துல இருந்து பாதி ஆர்டர் வேற மில்லுக்கு போகுது, உங்க நூலும் ஒவ்வொரு லோடுக்கும் யூவி பார்த்து, கொஞ்சம் நிட் பண்ணி சாயம் போட்டு பார்த்த பிறகுதான் மெஷினுக்கு ஏறும். முழுசா விலகணும்னு எனக்கு ஆசையில்ல, உங்க நூல் நல்ல நூல்ங்க, அதனாலதான் இவ்வளவு வருத்தம்.

3 பையும் சீல் வெச்சு தனியா வெச்சிருக்கேன், டையிங்காரர் ஒட்டின பேப்பரும் இருக்கு. சனிக்கிழமைக்குள்ள உங்க க்யூசி (தரம் பார்க்கற) ஆளை அனுப்புங்க, நானே பக்கத்துல நின்னு காட்டறேன்.

இப்படிக்கு,
பர்ச்சேஸ் பார்க்கறவன்,
திருப்பூர்