தயாவுக்கு ஒரு தண்ணீர்க் கடிதம்

யாழ்ப்பாணம்
மாசி, 2026

அன்பின் தயா,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமென்று பேபி அக்கா சொன்னா. உன் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இவ்வளவு காலம் எழுதாமல் இருந்தவன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். நேரே விசயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். எங்கள் ஒழுங்கைக்கும் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது, யார் யார் இணைப்பு எடுக்கிறீர்கள், யாருடைய வளவு ஓரத்தால் குழாய் போகலாம் என்று கேட்கத்தான் கூட்டம். பாதியில் உன் வீட்டில் இருக்கிற சின்னவன் எழும்பினான். "கனடா அண்ணை சொன்னதையும் ஒருக்கால் கேளுங்கோ" என்று போனை உயர்த்திப் பிடித்தான். உன் குரல். காலநிலை மாற்றம் என்பது வெள்ளைக்காரன் காசு பறிக்கக் கட்டின கதை, கடல் ஏறுகிறது என்பது சுத்தப் பொய், அரசாங்கம் தொட்டது எதுவும் துலங்காது, குழாயை வளவுக்குள் விடாதேங்கோ, ஊருக்கு ஒரு சுத்திகரிப்பு மெசினை நாங்கள் காசு சேர்த்து அனுப்புகிறோம் என்று மூச்சு விடாமல் சொல்லியிருந்தாய். கூட்டத்தில் தலை ஆட்டாத ஆள் குறைவு. பெயர் கொடுத்திருந்த சில வீட்டுக்காரர் அந்த இடத்திலேயே பெயரை வெட்டச் சொல்லிவிட்டார்கள். ஊரில் உன் சொல்லுக்கு இன்னும் அவ்வளவு மதிப்பு. அதனால்தான் எனக்கு இவ்வளவு கவலை.

டேய், உயர்தர வகுப்பில் பௌதிக மாஸ்டர் வெப்பம் படிப்பித்தபோது முதல் வாங்கில் இருந்தவன் நீ. அவர் கேள்வியை முடிக்க முன்னமே கையைத் தூக்குவாய். ராசையா கடை வடைப் பந்தயம் எத்தனையை வென்றாய்! அந்தத் தயாவா இப்படிக் கதைக்கிறான் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

உன் அவநம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. 1981இல் நூலகம் எரிந்த சாம்பலை நீயும் நானும் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம். அதன் பிறகு இந்த அரசை நம்பு என்று உனக்குச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார்கள். சுற்றாடல், ஆரோக்கியம் என்று நல்ல நல்ல சொற்களைச் சொல்லித்தான் செய்தார்கள். கார்த்திகையில் தடையைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் போகம் போய்விட்டது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் விழுந்ததை நாடே அனுபவித்தது. அடுத்த வருசம் டொலர் இல்லை, டீசல் இல்லை, ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. இதெல்லாம் உண்மை. அங்கே கனடாவில் எரிபொருளுக்குப் போட்ட காபன் வரியில் உனக்கிருக்கிற கோபமும் எனக்கு விளங்குகிறது. 2019இல் தொன்னுக்கு 20 டொலரில் தொடங்கி 80 வரை ஏற்றிவிட்டு, 2025 சித்திரையில் சனம் கட்டுவதைப் பூச்சியமாக்கிவிட்டார்கள். அந்த வரி சரியா பிழையா என்று நீ விடிய விடிய வாதாடலாம். அது அரசியல், உனக்கு அங்கே வாக்கும் இருக்கிறது.

ஆனால் வரி பிழை என்பதால் வெப்பமானி பொய் சொல்கிறது என்று ஆகாது, தயா. இந்த இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை எந்த அரசாங்கமும் கண்டுபிடிக்கவில்லை. ஜோன் ரின்டால் 1859இல் குழாய்க்குள் வாயுவை அடைத்து அளந்து காட்டினார். காபனீரொட்சைட்டு இரண்டு மடங்கானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று சுவீடனில் அரீனியஸ் 1896இல் கையால் கணக்குப் போட்டார். நாங்கள் அமிலம், காரம் படித்த அதே அரீனியஸ்தான். அப்போது காபன் வரி ஏது, காலநிலை மாநாடு ஏது? 1958இல் கீலிங் ஹவாய் மலையில் காற்றை அளக்கத் தொடங்கியபோது பத்து இலட்சத்தில் 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கூடியது எரிமலையால் அல்ல, நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததால்தான் என்பதைக் காபனின் சமதானிகள், அதாவது எடை வேறுபட்ட காபன் அணுக்கள், காட்டுகின்றன. சூரியன்தான் காரணம் என்றாயே, அதற்கும் பதில் இருக்கிறது. சூரியன் என்றால் வளிமண்டலத்தின் மேற்படையும் சூடாக வேண்டும். கீழே சூடாகிறது, மேலே படைமண்டலம் குளிர்கிறது. மாஸ்டர் இருந்திருந்தால் இந்த ஒரு கேள்வியிலேயே உன்னை மடக்கியிருப்பார்.

இமயமலைப் பனி 2035இல் உருகிவிடும் என்று ஐ.நா. காலநிலைக் குழு எழுதியதைச் சொன்னாய். ஓம், 2007 அறிக்கையில் அந்தப் பிழை இருந்தது. பனியாற்றை ஆராய்கிற ஆட்களே அதைப் பிடித்தார்கள், 2010இல் குழு ஒப்புக்கொண்டது. நீ திரும்பத் திரும்பச் சொல்கிற விஞ்ஞானச் சந்தேகம் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். அதைவிட நல்ல உதாரணம் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் முல்லர் என்ற பௌதிகப் பேராசிரியர். வெப்பநிலைக் கணக்குகளில் அவருக்கு உன்னைப் போலவே சந்தேகம். நகரச் சூடு கலந்துவிட்டது, வசதியான நிலையங்களைப் பொறுக்கி எடுத்தார்கள் என்று அவரும் நினைத்தார். எண்ணெய் வியாபாரக் குடும்பமான கோக் குடும்பத்தின் அறக்கட்டளைக் காசும் அவருடைய ஆய்வுக்குக் கிடைத்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, வெப்பம் ஏறுவது உண்மை, காரணம் ஏறத்தாழ முழுக்க மனிதர்தான் என்று 2012இல் பகிரங்கமாக எழுதினார். சந்தேகப்படுவதென்றால் அப்படி அளந்து பார்த்துச் சந்தேகப்படு. யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு வாசிகசாலைக்குத் தீர்ப்பு அனுப்பாதே.

டித்வா புயல் வந்ததைக் காட்டி உன்னோடு வாதாடமாட்டேன். ஒரு புயலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 1964 மார்கழியில் தனுஷ்கோடியை ரயிலோடு அள்ளிக்கொண்டு போன புயலை எங்கள் அம்மாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். புயல் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அந்த நீராவி எப்போதாவது ஓரிடத்தில் கொட்டத்தானே வேண்டும்? மலைநாட்டில் கொட்டி மண் சரிந்து, நாடு முழுக்க அறுநூறுக்கு மேற்பட்ட சனம் போய்விட்டது. அந்தச் செய்திகளைப் பார்த்த கிழமையில் எனக்கு நித்திரையே இல்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். உன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நீ கடைசியாக எப்போது குடித்தாய்? உன் அப்பா துலா மிதித்து இறைத்த அந்தக் கிணறு இப்போது கோடையில் சவர்க்கிறது. சின்னவன் உனக்கு இதைச் சொல்லியிருக்கமாட்டான். அவன் குடிப்பது கடையில் கானில் வாங்குகிற தண்ணீர்.

இதற்குக் காலநிலை காரணமில்லை, மோட்டர்தான் காரணம் என்று சொன்னாய். பெரும்பங்கு மோட்டர்தான், உன்னோடு ஒத்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்பும் இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும். கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று போட்டால் நீயே கணக்குப் பார்க்கலாம். ஒல்லாந்தில் கைபனும் ஜேர்மன் வடகடல் தீவுகளில் ஹேர்ஸ்பேர்க்கும் நூறு வருசத்துக்கு முன்னமே சொன்னது இது. நாங்கள் இறைத்து ஓரடி இறக்கினால், காலப்போக்கில் உப்பு நாற்பதடி மேலே வரும். இப்போது வீட்டுக்கு வீடு மோட்டர், தோட்டத்துக்குத் தோட்டம் குழாய்க்கிணறு. போதாததற்கு உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று இறங்குகிறது. இவ்வளவுக்கும் மேலேதான் கடல். செய்மதி அளக்கத் தொடங்கிய 1993இலிருந்து உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் ஏறிவிட்டது. மேடே இல்லாத எங்கள் தீபகற்பத்துக்கு அது சின்ன விசயமில்லை.

இதில் நீ அனுப்பப்போகிற மெசின் என்ன செய்யும்? அதே நிலத்திலிருந்து உறிஞ்சும். ஒரு பங்கை நல்ல தண்ணீராகத் தரும், மிச்சத்தை இன்னும் உப்பாக அதே நிலத்துக்குள் விடும். உன் மனசை நான் குறை சொல்லவில்லை. வாசிகசாலைக்குக் கூரை போட்டதும் நீங்கள்தான், பள்ளிக்கூடத்துக் கணினிகளும் உங்கள் காசுதான். ஆனால் என் கிணற்றுக்கும் உன் கிணற்றுக்கும் கீழே வேலி கிடையாது. நான் கூட இறைத்தால் உனக்குச் சவர்க்கும். எவ்வளவு இறைக்கலாம், எங்கே குழாய்க்கிணறு அடிக்கலாம், மலக்குழி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று எல்லோருக்கும் பொதுவாக ஒருவர் சொல்ல வேண்டும், சொன்னதை நடைமுறைப்படுத்தவும் வேண்டும். புலம்பெயர்ந்த சங்கம் அதைச் செய்ய முடியுமா? தண்ணீர் விற்கிற கடைக்காரர் செய்வார்களா? அதற்குத்தான் அரசு என்று ஒன்று வேண்டும்.

எங்கள் அரசு அதைச் செய்கிறதா என்று கேட்பாய். ஒழுங்காகச் செய்யவில்லை. கடல்நீரை மறித்து உப்பாறு என்ற கடல்நீரேரியை நன்னீராக்கும் திட்டம் பொறியியலாளர் ஆறுமுகம் காலத்திலிருந்து கதைக்கப்படுகிறது. தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டியும் முழுத் திட்டம் இன்னும் முடியவில்லை. கிளிநொச்சியில் இருக்கிற இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவரப் பார்த்தார்கள், கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறந்தார்கள். நாளைக்கு 24,000 கன மீற்றர். ஒரு கன மீற்றருக்கு மூன்று நான்கு அலகு கரண்ட் தின்னும், கழிவு உப்புநீர் கடலுக்குப் போகிறது, மீன்பிடிக்கிற சனத்துக்கு அந்தப் பயம் இருக்கிறது. நான் இதை மேளம் அடித்து வரவேற்கவில்லை. கணக்கைக் காட்டு, கடலை அளந்து காட்டு, கட்டணத்தை ஏழைக்கு ஏற்றபடி வை என்று கேட்கவேண்டும். இணைப்பு எடுத்தவன் கேட்டால் பதில் சொல்லியாகவேண்டும். பெயரை வெட்டிவிட்டுப் போனவன் யாரிடம் போய்க் கேட்பான்?

சண்டைக் காலத்தை நினைத்துப் பார். எங்கள் தலைக்கு மேல் குண்டு போட்ட அதே அரசு, எங்கள் ஆசிரியர்மாருக்குச் சம்பளமும் அனுப்பியது. 1995இலிருந்து போலியோ சொட்டுமருந்துக்கென்று இரண்டு பக்கமும் துவக்கை நிறுத்தின நாட்கள் இருந்தன. அந்தச் சொட்டுமருந்தை என் மகளுக்கும் வரிசையில் நின்று வாங்கினேன். கொடுத்த மிட்வைவ் அக்கா அரசாங்க உத்தியோகத்தர். மலேரியாவால் எத்தனை நாள் நாங்கள் பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தோம்? 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. வீடு வீடாக மருந்தடித்ததும் இரத்தம் குத்திப் பார்த்ததும் எந்தக் கொம்பனி? சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது அதிகாரிகள் பலர் கையை விரித்தார்கள், அது உண்மை. 2019இல் நட்டஈடு கொடுக்கச் சொன்ன உயர் நீதிமன்றமும் அரசின் ஒரு அங்கம்தான். நான் அரசை மன்னிக்கச் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தரவேண்டியதை விட்டுக்கொடுக்கச் சொல்லாதே என்றுதான் கேட்கிறேன். காசு உள்ளவன் கானில் தண்ணீர் வாங்குவான். கிளி அக்கா என்ன செய்வா? மூன்று பிள்ளையோடு அந்தச் சவர்த் தண்ணீரைத்தானே காய்ச்சிக் கொடுக்கிறா?

வருகிற மாதம் இன்னொரு கூட்டம் வைக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் அதோடு மூடுகிறது. அதற்கு முன் சின்னவனோடு நீயே கதை. உங்கள் வளவின் மேற்கு வேலி ஓரம் ஒரு முழ அகலம் விட்டால்தான் பின் ஒழுங்கை வீடுகளுக்குக் குழாய் போகும். காணி உன் பெயரில், கையெழுத்து நீதான் வைக்கவேண்டும். காலநிலையைப் பற்றி நீ என்னோடு எவ்வளவு காலமும் சண்டை பிடிக்கலாம், எழுது, பதில் எழுதுவேன். இதை மட்டும் தள்ளிப்போடாதே. மெசினுக்குச் சேர்த்த காசு இருந்தால், பள்ளிக்கூடக் கூரையிலிருந்து மழைநீர் பிடிக்கிற தொட்டிக்குத் தாருங்கள். அதிபரோடு கதைத்துவிட்டேன், அவருக்கு விருப்பம்.

மற்றப்படி, பேபி அக்காவின் கண் ஒப்பரேசன் பெரியாஸ்பத்திரியில் நல்லபடி முடிந்தது. முத்து மாமா வழக்கம்போல எல்லோரோடும் கோபம். வெங்காயம் இந்த முறை பரவாயில்லை, விலைதான் இறங்கிவிட்டது. மகளின் கலியாண நாள் முடிவானால் உடனே எழுது. கடவுச்சீட்டைப் புதுப்பிக்கவும் விசா எடுக்கவும் எனக்கு நேரம் வேண்டும்.

அன்புடன்,
மூர்த்தி